காலில் கட்டிய பருப்பு

முதலில் அளவு. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் மேலே, தொடையைச் சுற்றித் தையல் நாடா வைத்து எடுத்தது: வலது தொடை நாற்பத்தேழு, இடது தொடை நாற்பத்தொன்று. மாவுக்கட்டை அறுத்த அன்று மாலை, கட்டிலில் உட்கார்ந்து நானே எடுத்தேன். ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ஆறு சென்டிமீட்டர்தான். எலும்பு முறிந்ததில் எனக்குக் கோபமில்லை. பஸ் ஓட்டுநர்களைப் பற்றித் தில்லியில் கோபப்பட ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது. என் காலிலிருந்து ஆறு சென்டிமீட்டர் போய்க்கொண்டிருந்தபோது சுற்றி அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் கோபம். கோபம் தீர்ந்தபிறகு நிதானமாக எழுதலாம் என்று காத்திருந்தேன். தீராது என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், கோப்புகளைப் பாதுகாக்கும் ஆவணப் பிரிவில், இருபத்துநான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தெட்டு. ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி, முப்பத்தாறு படிகள். நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்துக்கு எதிரே இறங்கும்போது, என் இரண்டாவது கால் தரையைத் தொடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இடது முழங்காலில் விழுந்தேன். சில்லு மூன்றாக உடைந்தது.

முழங்கால் சில்லு என்பது கிணற்று ராட்டினம் மாதிரி. தொடையின் முன்பக்கத் தசை கயிறு. அது சில்லின் மேல் ஓடித்தான் கீழ்க்காலை இழுத்து நீட்டுகிறது. மூன்று துண்டுகளையும் கம்பி போட்டுக் கட்டினார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. வார்டில் ஆறு நாள். பெரிய டாக்டர் தினமும் ஏழெட்டு மாணவர்களோடு வருவார், எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார், படத்தோடு பேசுவார், போய்விடுவார். ஆறாம் நாள் என்னோடு பேசினார்.

"மேடம், ஸிர்ஃப் ஆராம். கம்ப்ளீட் ரெஸ்ட்."

வெறும் ஓய்வுதான், வேறொன்றும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்துகளுக்குக் கீழே கடைசி வரியாக எஸ்.க்யூ.இ. என்று மூன்று எழுத்தும் பத்துப் பெருக்கல் பத்து என்றும் கிறுக்கியிருந்தது. மருந்தாக இருக்கும் என்று மகள் மீனாவைக் கடைக்கு அனுப்பினேன். "அம்மா, இது தவாயியே இல்லைன்னு கடைக்கார பையா சொல்றார்" என்று திரும்பி வந்தாள். ஏதோ ஆஸ்பத்திரிக் குறியீடு என்று நினைத்து, சீட்டைத் துளையிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். இருபத்துநான்கு வருடப் பழக்கம்: புரியாத தாள் என்றால் பத்திரமாக வை, கேள்வி கேட்காதே.

என் கணவரின் அக்கா திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார். எனக்கு மதினி. அறுபத்தொரு வயது. தில்லிக் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் கணவரின் பழைய கோட்டையும் போட்டுக்கொண்டு, குளியலறைக்கு என்னைத் தாங்கிப் போய், துடைத்து, துணி மாற்றி, தலை பின்னிவிட்டார். நான் கை நீட்டினால் தண்ணீர் வரும். எழுந்திருக்கப் பார்த்தால் சத்தம் வரும்.

"ஏட்டி கோமதி, டாக்டரு என்ன சொன்னாரு? அசையப்புடாதுன்னாருல்லா? பொறவு என்னத்துக்கு எந்திக்கே?"

"மத் உட்டோ அம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து மீனா ஓடிவருவாள். அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடி கொண்டுவந்து, "எத்தனை கொடுத்துவைத்தவள் நீ" என்று சொல்லிப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வாரம். டைரியில் நாற்பத்திரண்டு நாளும் முதல் வரி ஒன்றே: பூரண ஓய்வு.

சாப்பாடு பத்தியம். அறுத்துத் தைத்த உடம்புக்குப் பருப்பு ஆகாது, சீழ் வைக்கும். கடலை, பட்டாணி, ராஜ்மா வாயு. தயிர் குளிர்ச்சி. பால் சளி, காப்பிக்கு மட்டும் இரண்டு கரண்டி. நாங்கள் சைவம்; முட்டைக்கும் மீனுக்கும் பேச்சே இல்லை. ஆகவே மூன்று வேளையும் குழைந்த சோறு, பருப்புத் தண்ணீர் சேராத மிளகு ரசம், சுட்ட அப்பளம், எலும்பு கூடுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த பிரண்டை வற்றலில் துவையல். ருசியில் குறை சொல்ல முடியாது. இதைக் கவனமாகக் குறித்து வைத்ததும் நான்தான்.

கட்டை அறுத்த நாள் பனிமூட்டம். புற நோயாளிப் பிரிவின் வராந்தாவில் போர்வைகளோடு தரையில் படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிப் போய், மூன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ரம்பம் ஓய்ந்து கட்டு இரண்டாகப் பிளந்தபோது உள்ளே இருந்த காலை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தோல் செதில் செதிலாக, முழங்கால் மட்டும் பெரிய உருண்டையாக, அதற்கு மேலே தொடை இருக்கவேண்டிய இடத்தில் தளர்ந்த தோலும் எலும்பும்.

டாக்டர் அன்றும் எக்ஸ்ரேயைத்தான் பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ். ஹட்டி ஜுட் கயீ." எலும்பு சேர்ந்துவிட்டது.

"டாக்டர், தொடை பாதியாகிவிட்டதே? காலைத் தூக்க முடியவில்லையே?"

"உமர் பீ தோ ஹை, மேடம். ஸ்டிக் லே லீஜியே."

வயது ஆகிவிட்டது, கோல் வாங்கிக்கொள். அவ்வளவுதான். நாற்பத்தேழு சென்டிமீட்டர் உள்ள என் வலது தொடைக்கும் அதே நாற்பத்தெட்டு வயதுதான் என்பது வீட்டுக்கு வந்தபிறகே எனக்குத் தோன்றியது. உடனே தோன்றாததற்கு என்மேலேயே கோபம்.

விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பதினான்கு வாரத்தில் மருத்துவக் குழுவின் முன் ஆஜராக வேண்டும், பணி செய்யத் தகுதியில்லை என்று குழு எழுதினால் ஓய்வு. எங்கள் ஆவண அறையில் ஏணி ஏறாமல் ஒரு கோப்பை எடுக்க முடியாது. கோலூன்றிக்கொண்டு ஏணி ஏறமுடியாது என்பதைக் குழு எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

"நீயே வாலண்டரி ரிட்டயர்மெண்ட் எழுதிக் கொடுத்துரு கோமதி. என்னத்துக்குக் கஷ்டம்?" என்றார் என் கணவர், அன்பாகத்தான். இன்னும் பன்னிரண்டு வருட வேலை. எனக்குப் பிடித்த வேலை. இன்னொருவர் அன்புக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் சமையலறை வாசலில் கால் மடங்கி விழுந்தேன். வழுக்கவில்லை, தடுக்கவில்லை, நின்றுகொண்டிருந்த கால் அப்படியே விட்டுவிட்டது. எலும்பு மறுபடி உடைந்ததோ என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெரிய டாக்டர் விடுமுறையில் இருந்ததால் ஓர் இளைய டாக்டர் என் காலைப் பார்த்தார். படத்தை அல்ல, காலை. "பேஸ்மெண்ட் ஜாயியே" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்.

நிலவறையில், சலவை அறைக்குப் பக்கத்தில், ஒரே குழல்விளக்கின் கீழே பிசியோதெரபி. அங்கே ரேணு இருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். இங்கே தில்லி மோதி பாக்கிலேயே வளர்ந்த பெண்ணாம். "என் தமிழ் தோடா வீக், ஆன்ட்டி. சிரிக்கக் கூடாது."

என் கோப்பைப் புரட்டியவள் நின்றாள். "ஆன்ட்டி, இதுல எழுதியிருக்கே. எஸ்.க்யூ.இ. ஸ்டாட்டிக் குவாட்ரிசெப்ஸ் எக்சர்சைஸ். ப்ளாஸ்டர் உள்ளயே தொடையை டைட் பண்ணணும், பத்து எண்ணணும், பத்து தடவை. ஹர் கண்ட்டே, ஒவ்வொரு மணிக்கும். நீங்க பண்ணலயா?"

"யாரும் சொல்லவில்லை."

"எழுதியிருக்கே!"

"எழுதியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை."

அவள் கோப்பை மூடி வைத்தாள். பிறகு முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். தொடையில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தவர் காலுக்கு உத்தரவு போடுவது போலிருந்தது.

இங்கே, ரேணு சொன்னதையும், மீனா கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவந்த உடலியல் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த வரிசையில் எழுதுகிறேன். ஆறு வாரத்துக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

தசை ஒரே கட்டி அல்ல. முடியைப்போல் மெல்லிய நீண்ட இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு செல். மற்ற செல்களுக்கு உட்கரு ஒன்று, இதற்கு நூற்றுக்கணக்கில். இழைக்குள்ளே இரண்டு வகைப் புரத நூல்கள் ஒன்றின் இடையில் ஒன்று நுழைந்து நிற்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றி இழுப்பதைத்தான் நாம் பலம் என்கிறோம். இந்தப் புரதம் ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. தினமும் கொஞ்சம் உடைகிறது, கொஞ்சம் கட்டப்படுகிறது. கால் அசையாமல் கிடந்தால் கட்டுவது குறைந்துவிடும், உடைப்பது நிற்காது. அரசாங்கம் ஒருநாளும் செய்யாததை உடம்பு செய்கிறது: வேலையில்லாத செக்‌ஷனை ஆறே வாரத்தில் இழுத்து மூடிவிடுகிறது.

திரும்பத் திறக்க ஒரே மனுதான் செல்லும்: பளு. கனத்தைத் தூக்கும்போது இழை இழுபடுகிறது. இழையின் சட்டகத்தில் உள்ள சில மூலக்கூறுகள் அந்த இழுவிசையை உணர்ந்து ஒரு செய்தியைக் கிளப்புகின்றன. செய்தி கைமாறிக் கைமாறி, புரதம் கட்டும் நுண்ணிய பட்டறைகளுக்குப் போய் அவற்றை முடுக்குகிறது. ஒரு தடவை நன்றாகத் தூக்கினால் முடுக்கம் ஒன்றிரண்டு நாள் நிற்கும். இழையின் ஓரத்தில், அதன் உறைக்கு அடியில், துணைச் செல்கள் என்று சில தூங்கிக்கொண்டிருக்கின்றன. பளு அவற்றையும் எழுப்புகிறது. எழுந்தவை பெருகி, சில பழைய இழையோடு கலந்து தம் உட்கருவையே அதற்குக் கொடுத்துவிடுகின்றன. இழைகளின் எண்ணிக்கை அநேகமாகக் கூடுவதில்லை. இருக்கும் இழை தடிக்கிறது.

"இந்த வயதில் அவை எழுந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"எழுபத்தி ரெண்டு வயசு சர்தார்ஜி ஒருத்தர் வர்றார், அவருதே எழுந்திருக்கு. உங்களுது க்யா, பென்ஷன் வாங்கிடுச்சா?"

முதல் வாரம் துண்டை அமுக்குவது மட்டும். அடுத்த வாரம், நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டிக் காலை நீட்டுவது. பிறகு முக்கால், ஒன்று. பன்னிரண்டு முறை சுலபமாகத் தூக்க முடிந்தால் கனத்தைக் கூட்ட வேண்டும். ஆஸ்பத்திரிப் பையை வீட்டுக்குத் தரமாட்டார்கள். மீனா பழைய ஜீன்ஸின் காலை வெட்டி ஒரு பை தைத்தாள். உள்ளே போட என்ன இருக்கிறது என்று தேடினோம். மதினியே டப்பாவைத் திறந்தார்.

"துவரம்பருப்பு சும்மாதானே கெடக்கு? ஒனக்கு ஆகாது. ஒனக்கு இல்லாம நாங்க மட்டும் திங்கவா? அதுல போடு."

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அளந்தேன். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. ஆனால் தூக்கும் கனம் கூடிக்கொண்டே போனது. நாடா பொய் சொல்கிறதா, கால் பொய் சொல்கிறதா என்று ரேணுவிடம் சண்டை பிடித்தேன். முதல் சில வாரங்களில் கூடுவது தசை அல்ல, நரம்பு என்றாள். மறந்துபோன இழைகளை மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட மூளை கற்கிறது. இருக்கிற ஆட்களையே முழுதாக வேலை வாங்குகிறது. தடிப்பு பிறகு வரும்.

ஐந்தாவது ஞாயிறும் நாற்பத்தொன்று. ஆறாவதும். கனமும் ஒரு கிலோவில் நின்றுவிட்டது. நான் ஒரு நாளும் தவறவில்லை. தேதி, முறை, கனம் எல்லாம் எழுதியிருக்கிறேன். மருத்துவக் குழுவுக்கு ஏழு வாரம் இருந்தது. பெரிய டாக்டர் சொன்னதுதான் சரியோ, எனக்கு எழுந்திருக்க ஒரு செல்கூட மிச்சமில்லையோ என்று அந்த ஞாயிறு முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

திங்களன்று வீட்டுப் பையை எடுத்துப்போய் ரேணுவிடம் காட்டினேன், கனம் சரியா என்று நிறுத்துப் பார்க்க. அவள் பையை அமுக்கிப் பார்த்தாள்.

"இதுல என்ன ஆன்ட்டி? மணல் மாதிரி இல்லையே."

"துவரம்பருப்பு. ஒரு கிலோ."

"தால்? தால் எதுக்கு இதுல?"

"நான் பத்தியம். பருப்பு சாப்பிடக்கூடாது. வீட்டில் சும்மா கிடந்தது."

அவள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கப் ஸே?"

"ஆபரேஷனிலிருந்து."

"தஹி? சனா? பனீர்? முட்டை?" நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தேன். ரேணுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முகம் சிவந்துவிட்டது. "ஆன்ட்டி, நான் இங்க டெய்லி மிஸ்திரியை எழுப்பறேன், எழுந்திரு, சுவர் கட்டுன்னு. அவன் எழுந்து செங்கல் எங்கன்னு கேக்கறான். நீங்க செங்கலைக் கால்ல கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க!"

புரதம் கட்டச் சொல்லி உத்தரவு போனால் மட்டும் போதாது. கட்டப் புரதம் வேண்டும். அதன் துணுக்குகள் ரத்தத்தில் வந்தால்தான் பட்டறை ஓடும். பன்னிரண்டு வாரமாக என் ரத்தத்தில் மிளகு ரசம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை டாக்டர்களில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். முப்பத்தாறு படியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து. நேரே சமையலறைக்குப் போய், பையின் தையலைப் பிரித்து, பருப்பைக் குக்கரில் கொட்டினேன்.

"ஏட்டி! காலுல கெட்டுனதையா அடுப்புல ஏத்துதே?" மதினி ஓடி வந்தார். "அன்னலட்சுமில்லா அது!"

"காலில் கட்டும்போது அன்னலட்சுமி இல்லையா மதினி? அப்போது டப்பாவைத் திறந்து கொடுத்தது யார்?"

"ஒனக்கு ஆகாதுன்னு..."

"என்ன ஆகாது? புண் ஆறி இரண்டு மாசம் ஆச்சு! கால் கரைந்து போச்சு. நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பாத்துப் பாத்துக் கரைச்சுட்டீங்க!"

இதைவிடவும் சொன்னேன். எழுதத்தக்கதல்ல. மீனா வந்து குக்கரைப் பிடுங்கினாள். மதினி சுவரில் சாய்ந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரவுகளுக்குக் காலுல புண்ணு வந்துச்சுல்லா. பருப்பு கேட்டாக. ஒரு நாளு மனசு பொறுக்காம ஊத்திக் குடுத்துட்டேன். மறு வாரம் காலெடுத்தாக. அதுக்கு அடுத்த மாசம் ஆளே இல்ல. நீ தான் கொன்னேன்னு அவுக தங்கச்சி எம் மூஞ்சிக்கி நேரா சொல்லிட்டா."

சர்க்கரை நோயில் வந்த புண் அது; பருப்பு அதற்கு ஒன்றும் செய்திருக்காது. இருபது வருடமாக இவரிடம் அதையும் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நம்பினாரா தெரியாது. என் கோபம் இறங்க இடமில்லாமல் நின்றது. அன்று குக்கரில் இருந்த பருப்பை அவர் புறாக்களுக்குப் போட்டார். டப்பாவிலிருந்து வேறு பருப்பு எடுத்து, கடைந்து, நெய்விட்டு, என் தட்டில் ஊற்றினார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, கீழே குவார்ட்டர்ஸ் பழுதுவேலைக்குக் கொட்டியிருந்த மணலிலிருந்து ஒரு வாளி அள்ளிக்கொண்டு, இரண்டு மாடியும் மூச்சிரைக்க ஏறிவந்தார். "இத கெட்டிக்கோ."

பருப்பு, கறுப்புக் கொண்டைக்கடலை, தயிர், இரண்டு தம்ளர் பால். எட்டாவது ஞாயிறு நாற்பத்தொன்றரை. ஒன்பதாவது நாற்பத்திரண்டு. பதினோராவது நாற்பத்து மூன்றரை. பையில் இரண்டே முக்கால் கிலோ. பதின்மூன்றாவது ஞாயிறு மதினிதான் நாடாவைப் பிடித்தார்.

"நாப்பத்தி அஞ்சுன்னு போடுட்டி. அரைதானே கொறையுது."

நாற்பத்து நான்கரை என்றே எழுதினேன்.

மருத்துவக் குழு கூடிய அறையும் இரண்டாவது மாடி. கோல் இல்லாமல், கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அதே பெரிய டாக்டர். எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். எழுந்து உட்காரச் சொன்னார். கையூன்றாமல் எழுந்தேன், உட்கார்ந்தேன். அவருக்கு மகிழ்ச்சி.

"தேகா, மேடம்? ஆராம் ஸே ஸப் டீக் ஹோ ஜாதா ஹை."

ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். சொன்னதோடு விடவில்லை, ஆங்கிலத்தில் எழுதினார்: ஓய்வினால் முழு குணமடைந்துள்ளார், பணிக்குத் தகுதி.

"சார், ஓய்வினால் இல்லை. ஓய்வுதான் காலைத் தின்றது. பதின்மூன்று வாரம் உங்கள் நிலவறையில் பளு தூக்கியிருக்கிறேன். அளவு இருக்கிறது, பாருங்கள்." இந்தியில் சொன்னேன், என் இந்தி நன்றாகவே இருக்கும். "ஓய்வினால் என்ற சொல்லை அடித்துவிடுங்கள்."

"மேடம், ஃபிட் லிக் தியா நா? ஔர் க்யா சாஹியே?"

தகுதி என்று எழுதியாயிற்றே, இன்னும் என்ன வேண்டுமாம். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "நெக்ஸ்ட்" என்றார் டாக்டர். வாசலிலிருந்து மீனா, "அம்மா, ப்ளீஸ், சலோ" என்றாள். நான் சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேலை வேண்டுமே.

மறுநாள் பணியில் சேரும் கடிதத்தோடு இரண்டு தாள்களை இணைத்தேன். ஒன்று டாக்டருடையது. இன்னொன்று நான் தட்டச்சு செய்தது: பதின்மூன்று ஞாயிறுகள், இரண்டு தொடைகளின் அளவு, கட்டிய கனம், எந்த வாரத்திலிருந்து என்ன சாப்பிட்டேன், நிலவறையில் பயிற்சி தந்தவரின் பெயர், கட்டுக்குள்ளேயே செய்ய வேண்டியிருந்த பயிற்சி யாராலும் சொல்லப்படவில்லை என்ற ஒரு வரி, கையெழுத்து.

நிர்வாகப் பிரிவின் சௌத்ரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யே க்யா ஹை, கோமதி ஜி? யே தோ ஸரூரி நஹீ ஹை." இது தேவையில்லையாம்.

"இணைப்பு இரண்டு என்று கடிதத்தில் இருக்கிறது. பக்க எண் போடுங்கள்."

போட்டார், சிவப்பு மையில். டாக்டரின் தாள் அறுபத்து மூன்று, என் தாள் அறுபத்து நான்கு. எண் விழுந்த தாளை உருவ முடியாது. உருவினால் எண் தாவும். தாவினால் ஆவணப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்பார்கள். கேட்பவள் நான்தான்.